மைக்கக்காவும் தோட்டத்துக் கேள்வியும்

மைக்கைத் தொடுவதற்கு முன் மைக்கக்கா செருப்பைக் கழற்றிவிடுகிறாள். ஒரு வாய் வெந்நீரை எடுத்து இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டி விழுங்குகிறாள். எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும், வீடு தேடி வந்த சம்பந்தியைப் பார்த்ததுபோல ஒரு சிரிப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்துகிறாள். "சிரிச்சுக்கிட்டே பேசினா குரல்ல தெரியும். ஸ்பீக்கருக்கு நடிக்கத் தெரியாது" என்பாள்.

செருப்பைக் கழற்றுவது பக்தியால் என்று பேருந்து நிலையத்தில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். "பக்தியெல்லாம் ஞாயித்துக்கிழமைக்கு. உள்ளங்கால் தரையில பட்டாத்தான் மூச்சு அடிவயித்துலேருந்து கிளம்பும். செருப்போட பேசிப் பாருங்க, தொண்டையிலயே நின்னுடும்."

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரியும். ஓட்டுநர்களுக்கும் மைக்கக்கா, அவர்கள் பெண்டாட்டிகளுக்கும் மைக்கக்கா, அந்தப் பெண்டாட்டிகளைப் பெற்ற மாமியார்களுக்கும் மைக்கக்காதான். அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை ஒருநாள் அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றோடு அவருக்கும் 'மைக் மச்சான்' என்று பெயர் விழுந்துவிட்டது. பாவம், அந்த மனிதர் வீட்டில் வாயே திறக்கமாட்டார்.

அவள் வேலையில் இரண்டு தினுசு. ஒன்று வண்டிகளைச் சொல்வது. இன்ன ஊர் வண்டி இன்ன நடைமேடையில் நிற்கிறது, கிளம்பப்போகிறது. அதற்கு ஒரு குரல் வைத்திருக்கிறாள், வெட்டிவைத்த சோப்புக்கட்டி மாதிரி, நாலு பக்கமும் சமமாக இருக்கும். இன்னொன்று தொலைந்தவர்களைக் கூப்பிடுவது. கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளைகள், கழிப்பறைக்குப் போய்த் திரும்பத் தெரியாத பெரியவர்கள், புகை பிடிக்க ஒதுங்கிப் பெண்டாட்டியையும் மூட்டையையும் மறந்த ஆண்பிள்ளைகள். அதற்கு வேறு குரல். "அது சொல்றது, இது கூப்பிடறது. சொன்னா வண்டி நிக்கும். கூப்பிட்டா ஆளு வருவான்னு என்ன நிச்சயம்?"

தொலைந்த ஆண்பிள்ளைகளைப் பற்றி அவளிடம் கதை கேட்டால் பொழுது போவது தெரியாது. ஒருவன்கூட இதுவரை தான் தொலைந்ததாக ஒப்புக்கொண்டதில்லையாம். "நான் நின்ன இடத்துலதான் நின்னேன், அவதான் காணாமப் போயிட்டா" என்பானாம். "எங்கய்யா இருந்தன்னு கேட்டா, ஏன் போனேன்னு சொல்லுவான். ஆதாமும் அதைத்தான் சொன்னான். எங்க இருக்கன்னு கேட்டதுக்கு, பயந்தேன், ஒளிஞ்சேன், நீ குடுத்த பொம்பளதான் காரணம்னான். கேட்டது என்ன, சொன்னது என்ன?"

ஆதாம் இப்படித்தான் அவள் பேச்சில் திடீர் திடீரென்று வந்து உட்காருவான், கூடப் பிறந்தவன் மாதிரி. காரணம் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு மத்தியானம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் வீட்டில் வேதம் வாசிக்கக் கூடுவார்கள். நல்ல மனிதர். மனைவி போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று ஆரம்பித்த கூட்டம். எபிரேய மொழி கொஞ்சம் படித்தவர். படித்த திமிர் இல்லாதவர். ஆளுக்கு ஒரு அதிகாரம் சுற்றில் வாசிக்க வேண்டும், பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் அங்கே சட்டம். மைக்கக்கா அந்தச் சட்டத்தை முழுதாக அனுபவிப்பவள். மொத்த வேதமும் அவர்களுக்கு முன்னால் கிடக்க, உலகம் உண்டான கதையைத் தாண்ட விடாமல் கூட்டத்தைப் பிடித்து வைத்திருந்தாள்.

"ஐயா, பாம்புக்கு இனிமே நீ வயித்தால நகரணும்னு சாபம் குடுத்தாரே, அப்போ அதுக்கு முன்னாடி கால் இருந்துச்சா?"

"ஐயா, தூங்க வச்சுத்தான் விலா எலும்பை எடுத்தாரு. சரி. முழிச்சப்போ வலிச்சிருக்குமே, அதை ஏன் யாரும் எழுதல?"

"ஐயா, ஏழாம் நாள் அவரு ஓய்ஞ்சிருந்தாரு. அன்னிக்கு டூட்டி யாரு பாத்தா?"

போதகர் வயிறு குலுங்கச் சிரிப்பார். தெரிந்ததைச் சொல்வார். தெரியாததற்கு, "அம்மா, நான் அங்க போனா முதல்ல இதைத்தான் கேப்பேன்" என்பார். உலகம் உண்டான கதையே இரண்டு இருக்கிறது என்று அவர்தான் அவளுக்குக் காட்டினார். முதல் கதையில் கடவுள் தூரத்தில் நின்று சொல்கிறார், எல்லாம் ஆகிறது. கடைசியில்தான் ஆணும் பெண்ணும், ஒன்றாக. அடுத்த கதையில் முதலிலேயே மனிதன். கடவுள் குனிந்து மண்ணைப் பிசைகிறார், மூக்கில் ஊதுகிறார், மரம் நடுகிறார். வரிசை ஒத்துப்போகாது.

"அப்போ எது சரிங்கய்யா?"

"வேதத்தைத் தொகுத்துக் கோத்தவங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்கம்மா. ஒண்ணை அழிச்சு ஒண்ணை வைக்கல."

இது மைக்கக்காவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு வாரம் முழுக்கத் தேநீர்க் கடையில் பார்த்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். அடுத்த ஞாயிறு வந்ததும் தன் பங்குக்கு ஒன்றை எடுத்து வைத்தாள்.

"முதல் கதையில வெளிச்சம் வரட்டும்னாரு, வந்துச்சு. தண்ணி ஒதுங்கட்டும்னாரு, ஒதுங்குச்சு. நான் வண்டி சொல்ற மாதிரி. அப்புறம் அவங்க பழத்தைத் தின்ன அன்னிக்குச் சாயந்திரம் தோட்டத்துல நடந்து வந்து, எங்க இருக்கன்னு கேக்கறாரே, அதுதான் முதல் தடவை, அவரு குரலைக் கேட்டு ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டது. சூரியன் ஒளியல, மீன் ஒளியல. அவரு மூச்சை வாங்கின மனுசன் ஒளிஞ்சான்."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ரசித்தால் அப்படிச் செய்வார்.

"ஆனா ஐயா, நீங்க அந்த இடத்தை மேசையைத் தட்டி வாசிக்கிறீங்க. இடி இடிச்ச மாதிரி. அவரு அப்படித்தான் கேட்டாருன்னு எப்படித் தெரியும்?"

"பயந்தேன்னு அவனே சொல்றானேம்மா."

"பயந்தது அவன். பயமுறுத்தினது யாருன்னு அதுல இருக்கா?"

போதகர் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எபிரேயத்துல அது ஒத்தைச் சொல்லு. அவ்வளவுதான். சொல்லு இருக்கு. எப்படிச் சொன்னாருன்னு இல்ல. ஆனா ஒண்ணு, தப்பு பண்ணினவனை அதட்டுறதும் அன்புதாம்மா. அதையும் தள்ளிடாத."

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கறது போலீஸ்காரன் கேள்வி" என்றார் பெரியண்ணன். "உன் வாயாலயே ஒத்துக்கடாங்கறது. இதுல என்ன தொனி வேண்டிக் கிடக்கு?"

இந்தப் பெரியண்ணன் மைக்கக்காவின் கூடப் பிறந்தவர், தலைப்பிள்ளை. இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறைக்காரர். பேரன் எடுத்த தங்கச்சியை இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். எதைப் பேசினாலும் சம்மட்டி போடுகிற மாதிரி ஒரு அழுத்தம்.

"நானும் தெரிஞ்சேதான் தினமும் கேக்கறேன்ணே" என்றாள் மைக்கக்கா. "போன மாசம் ஒரு குட்டிப் பொண்ணு. மூட்டைக்குப் பின்னால நிக்குது, பாவாடை நுனி எனக்கு மைக் அறையிலேருந்தே தெரியுது. அவங்கம்மா மைக்கைப் புடுங்கி, எங்கடி போய்த் தொலைஞ்சன்னு ஒரு கத்து கத்தினாங்க. பாவாடை நுனியும் உள்ள போயிடுச்சு. அப்புறம் நான் கேட்டேன். அதே கேள்விதான். வந்துடுச்சு."

"அது புள்ள. தப்பு பண்ணினவன் கதை வேற."

அண்ணன் யாரைச் சொல்கிறார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் மூன்று பேர். பெரியண்ணன், நடுவில் இவள், கடைசியில் சின்னவன். சின்னவனை எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிட்டார்கள், மீசை முளைத்த பிறகும். தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பகலில் அண்ணன் இருப்பார், சாப்பாடு இவள் பொறுப்பு, இரவில் சின்னவன் முறை. ஒரு விடிகாலை அண்ணன் போய்ப் பார்த்தால் கட்டிலில் போர்வை முகம் வரை இழுத்து மூடியிருக்கிறது. பக்கத்து நாற்காலி காலி. அண்ணனிடம் நர்ஸ் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ராத்திரி கண்ணு முழிச்சு, சின்னவன் எங்கன்னு கேட்டாரு. அப்புறம் பேசல."

வெயில் ஏறிய பிறகு சின்னவன் வந்தான். அண்ணன் நடைக்கோடியிலேயே அவனை மறித்துக்கொண்டார். "எங்கடா போன? அப்பா கேட்டாரு, எங்கடா போன?" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி போட்ட சத்தத்தில், அவன் வந்த படியிலேயே இறங்கிப் போனான். அடக்கத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் வரவில்லை. "இனி அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று அண்ணன் சொன்னது சொன்னபடியே நிலைத்துவிட்டது.

அவன் எங்கேதான் போயிருந்தான்? கூட்டாளிகளோடு ஊர் சுற்றப் போனான் என்பது அண்ணன் கதை. அப்பாதான் அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பார் என்பது அம்மாவின் கதை. "புள்ள கண்ணு சொருகினா அவருக்குப் பொறுக்காது. போய்ப் படுடான்னிருப்பாரு. நடுவுல முழிச்சு, பத்திரமாப் போனானான்னு கேட்டிருப்பாரு" என்று தன் கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். இரண்டு கதைக்கும் சாட்சி இல்லை. மைக்கக்கா ஒருமுறை அந்த நர்ஸைத் தேடிக்கொண்டு போய்க் கேட்டாள். எங்கப்பா அதை எப்படிக் கேட்டாரு, கோவமாவா, வேற மாதிரியா? அந்தப் பெண்மணி வெகுநேரம் யோசித்தாள். "சொன்னது ஞாபகம் இருக்கும்மா. எப்படிச் சொன்னாருன்னு... எத்தனையோ பேரு எத்தனையோ கேக்குறாங்க."

தோட்டத்துக் கேள்வியை மைக்கக்கா ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போது புரிந்திருக்கும். ஆனால் அது வெறும் பழங்கதையாக இருந்தவரை கேள்வியாகத்தான் இருந்தது. கண்டக்டர் வந்து சொன்ன நாளிலிருந்து தலைபோகிற விஷயமாகிவிட்டது.

கண்டக்டர் என்றால் மைக் மச்சானின் சித்தப்பா மகளைக் கட்டியவர், அந்த வகையில் இவளுக்கு அண்ணன் முறை. ஒருநாள் கண்ணாடி ஜன்னலில் வந்து குனிந்தார்.

"தங்கச்சி, நான் சொல்றதைக் கேட்டுப் பதறாத. கடைசி நடைமேடையில தூண் ஓரமா ஒருத்தன் வந்து நிக்கிறான். வண்டி ஏறுறதில்ல. உன் குரல் ஸ்பீக்கர்ல வந்தா அப்படியே நிக்கிறான், நீ முடிச்சதும் போயிடறான். தாடி வச்சிருக்கான். நடை உங்கப்பா நடை."

கண்டக்டர் அந்தப் பக்கம் திரும்பினாரோ இல்லையோ, கை தானாகப் பொத்தானுக்குப் போனது. அங்கேதான் தவறினாள். இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. பதற்றத்தில் நாக்கு பழகின தடத்தில் ஓடிவிட்டது. தம்பியின் முழுப் பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர் எல்லாம் சொல்லி, "எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்பு அறைக்கு வரவும்" என்று அந்தச் சோப்புக்கட்டிக் குரலில், பிசிறில்லாமல், கூப்பிட்டுவிட்டாள். அவ்வளவு சுத்தமான அறிவிப்பு. தப்பே சொல்ல முடியாது.

கண்டக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்ன தங்கச்சி பண்ணின? கோர்ட்டுல பேரு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. கையில இருந்த டீயைக் கீழ போட்டுட்டு, எந்த வண்டி ஓடுதோ அதுல தாவிட்டான். எந்த ஊரு வண்டின்னுகூடப் பாக்கல."

அன்று சாயந்திரம் அவள் வீட்டில் சாப்பிடவில்லை. "மேசையைத் தட்டுறாருன்னு அந்த ஐயாவைச் சொன்னேன். நான் என்ன பண்ணினேன்?" என்று மைக் மச்சானிடம் கேட்டாள். அவர் எழுந்து போய் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவன் போனது போனதுதான் என்று இருந்தபோது, மழை விட்ட ஒரு மத்தியானம், கண்டக்டர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார். திரும்ப வந்துவிட்டான். இன்னும் தள்ளி, தூணுக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாதபடி. இந்தத் தடவை அவள் கூப்பிடவில்லை. கூப்பிடப்போய் மறுபடி ஓடிவிட்டால் அப்புறம் வரவேமாட்டான் என்ற பயம். வண்டிகளை மட்டும் சொன்னாள். வடக்கே போகிற வண்டி, கடற்கரை வண்டி, தாமதமாகிற வண்டி. கேட்பதற்கு ஒருவன் நிற்கிறான் என்று தெரிந்து சொன்னாள். நிலையத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பாட்டுக்காரக் கிழவர் மட்டும், "என்ன மைக்கக்கா, இப்பல்லாம் வண்டிக்குத் தாலாட்டு பாடுறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கூப்பிடத் தெரிந்தவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் வீட்டில் ஒருவழியாகத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தார்கள். வெளியே வந்ததும் பெரியண்ணன் விட்ட இடத்தில் பிடித்தார்.

"பாத்தியா பாப்பா? வெளிய அனுப்பி, வாசல்ல காவல் போட்டு, சுத்திச் சுத்தி வெட்டுற வாளையும் வச்சாரு. எதுக்கு? அழகுக்கா? கதவு போடுறவனுக்குத்தான் தெரியும், யாருக்காகப் போடுறோம்னு. தள்ளினது தள்ளினதுதான்."

"வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி அவங்களுக்கு உடுப்புச் செஞ்சு போட்டுவிட்டாரே, அதை ஏன் விட்டுட்ட?"

"போட்டுவிட்டுட்டுத்தானே தள்ளினாரு!"

"நீ சின்னவனுக்கு என்னத்தைப் போட்டுவிட்ட?"

போதகர் குறுக்கே புகுந்தார். "அடுத்த அதிகாரம் யாரு முறை?"

பெரியண்ணன் முறை. அவருக்கும் அப்போது வாசிப்பதுதான் சௌகரியமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பட்டறைக் குரலில் ஆரம்பித்தார். காயீன் பிறந்தான், ஆபேல் பிறந்தான். ஒருவன் நிலம் உழுதான், ஒருவன் ஆடு மேய்த்தான். கடவுள் தம்பியின் காணிக்கையை மட்டும் ஏற்றதில் காயீனுக்கு முகம் வாடியது. வயல்வெளியில் இருவரும் இருக்கும்போது அண்ணன் தம்பி மேல் பாய்ந்து அவனைக் கொன்றான். பெரியண்ணன் தடதடவென்று வாசித்துக்கொண்டே வந்து, கடவுள் காயீனைப் பார்த்துக் கேட்கிற இடத்தில் வந்து நின்றார். உன் தம்பி எங்கே என்று கேட்கிற இடம்.

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஒரு விரலால் அந்த வரியின் கீழே தடவினார். மறுபடி செருமினார். கீழே கடையில் யாரோ கண்ணாடி போட்டுப் பார்த்து எழுத்து வாசிக்கிற சத்தம் மேலே கேட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். அதட்டலாக வாசிப்பதா, அழுதுகொண்டு வாசிப்பதா, வெறுமனே வாசிப்பதா, எப்படி வாசித்தாலும் அது தன் வாயிலிருந்து தன் காதுக்குத்தான் வரப்போகிறது என்று அந்த மனிதருக்குத் தெரிந்துபோயிற்று போலும்.

"கண்ணாடி சரியில்ல" என்று புத்தகத்தைப் பக்கத்தில் தள்ளினார்.

"கீழயே கடை இருக்கு" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

போதகர் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அந்த வரியை அவரும் வாசிக்கவில்லை. யாரையும் குறிவைக்காமல் சொன்னார். "இதுல எனக்கு எப்பவும் ஒரு ஆச்சரியம். வாசலை அடைச்சாச்சு, காவல் போட்டாச்சு. இப்ப இந்தக் காயீன் நிக்கிறது தோட்டத்துக்கு வெளிய. வெளிய நிக்கிறவன்கிட்ட அவரு வந்து பேசுறாரு. அப்போ அவரும் உள்ள இருந்துடல."

மைக்கக்கா இதை அதுவரை யோசித்ததே இல்லை.

கூட்டம் கலைந்தபோது மாடிப்படியில் பெரியண்ணன் அவளுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். கைப்பிடிக் கம்பியை ஒவ்வொரு படியிலும் தட்டிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். பட்டறைக்காரர் பழக்கம். பாதிப் படியில் நின்றார். திரும்பவில்லை.

"இன்னும் வர்றானா அங்க?"

கண்டக்டர் இவரிடமும் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "வர்றான்."

"மெலிஞ்சிருக்கானாம்?"

"தாடியில தெரியலையாம்."

"கூப்பிட வேண்டியதுதானே. ஊரையே கூப்பிடற."

"எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலண்ணே. அப்பா அன்னிக்கு எப்படிக் கேட்டாரோ, அப்படிக் கேட்டா வந்துடுவான்னு தோணுது. நர்ஸம்மா உன்கிட்டதானே சொன்னாங்க. நீ சொல்லு, எப்படிச் சொன்னாங்க?"

பெரியண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவங்க சும்மாதான் சொன்னாங்க பாப்பா. சாப்பாடு வந்துச்சுன்னு சொல்ற மாதிரி. நான்தான் கோவமா கேட்டேன்." இரண்டு படி இறங்கினார். "நான் அங்க வரமாட்டேன். என்னைப் பாத்தா ஓடிடுவான்."

மறுநாள் காலையில் அண்ணி வந்து, வழக்கமில்லாத வழக்கமாக, ஒரு பெரிய அடுக்குத் தூக்கை மைக்கக்கா கையில் கொடுத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு ஆளுக்குப் போடுன்னாரு உங்கண்ணன். யாருக்குன்னு கேட்டா முறைக்கிறாரு. நல்லா கட்டிக் குடுத்தாங்கய்யா என்னை, கொல்லன் வீட்டுல." வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே மூடியை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தத் தூக்கைப் பக்கத்து முக்காலியில் வைத்துக்கொண்டு மைக்கக்கா காலையெல்லாம் வண்டி சொன்னாள். உச்சிப் பொழுதில், கூட்டம் வடிந்து, புறாக்கள் நடைமேடையில் இறங்கித் திரிகிற நேரத்தில், கண்டக்டர் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். மோவாயால் கடைசித் தூணைக் காட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவர் மாதிரிப் பல் குத்த ஆரம்பித்தார்.

மைக்கக்கா ஒரு வண்டியைச் சொன்னாள். முடித்த பிறகும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒலிபெருக்கிகளில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறந்தார்கள். சிரிப்பை முகத்துக்கு வரவழைக்கப் பார்த்தாள், வரவில்லை. வந்த குரல் அவள் வைத்திருந்த இரண்டு குரலுமில்லை.

"டேய் சின்னவனே... எங்கடா இருக்க?"

"இங்கதான்க்கா இருக்கேன்!" என்று யாரோ ஓட்டுநர் கத்தினான், கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்தது. இடுப்பில் குழந்தையை வைத்திருந்த ஒருத்தி, "யாரு பெத்த புள்ளையோ, சீக்கிரம் போயேன்யா" என்று தன் பக்கத்தில் நின்ற ஆண்பிள்ளைகளையெல்லாம் பார்த்துச் சொன்னாள். மேலே நிலைய அதிகாரி அறையின் ஜன்னல் திறந்தது. அதிகாரி தலையை நீட்டிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அக்காதான். சாப்பாடு ஆறுது, வா."

பொத்தானை விட்டாள்.

அந்த அறைக்கு மூன்று பக்கம் கண்ணாடி. எந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து யார் கிளம்பினாலும், வந்து சேர்கிற வரைக்கும் உள்ளே இருப்பவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடைசி நடைமேடையிலிருந்து அங்கே வருவது நீளமான நடை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருவன் அக்காவின் கண் முன்னால் அத்தனை தூரமும் நடந்து வர வேண்டும். மைக்கக்கா நாற்காலியை இரு கையாலும் பிடித்துத் திருப்பினாள். நாலாவது பக்கம் சுவர். பழைய நேரப் பட்டியல் ஒட்டிய, சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் சுவர். அதைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே வண்டி ஒன்று உறுமிக் கிளம்பிப் போனது. கண்டக்டர் பல் குத்துவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் நடந்தார். புறாக்கள் எழும்பின, உட்கார்ந்தன. அப்புறம் கதவின் கீல் முனகியது. கதவருகே ஒரு மூச்சு, நடந்து களைத்த மூச்சு, உள்ளே வரலாமா என்று கேட்கத் தெரியாமல் நின்றது.

அவள் திரும்பவில்லை. முக்காலியிலிருந்த தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முக்காலியைக் காலால் பின்பக்கமாக, கதவை நோக்கி, மெல்லத் தள்ளிவிட்டாள்.